எட்டு வருடக் கெடு: இளம் விரிவுரையாளர் எழுதுவதும் எழுதாமல் விடுவதும்

ஊரில் ஒரு பிள்ளை பல்கலைக்கழக விரிவுரையாளராக நியமனம் பெற்றால் பிரதான வீதியில் பதாகை தொங்கும். படித்த பாடசாலை ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, பழைய மாணவர் சங்கம் ஒன்று என மூன்று நான்கு பதாகைகூடத் தொங்குவதுண்டு. ஊருக்குப் பெருமை சேர்த்தவர் என்று அதில் இருக்கும். நியமனக் கடிதத்தில் உள்ள ஒரு சொல் மட்டும் இருக்காது. 'தகுதிகாண்' என்பதே அந்தச் சொல். இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதை ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக நான் எழுதவில்லை. அதற்கு அமைப்புகள் இருக்கின்றன. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கும்படி கேட்டு 2012 இல் மாதக் கணக்கில் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 இல் புதிய வருமான வரிக்கு எதிராகவும் நின்றார்கள். என்னுடைய கவலை வேறு. ஒரு சமூகம் தன்னைப் பற்றி அறிந்து வைத்திருப்பதில் பெரும் பகுதி, யாரோ ஓர் இளம் ஆய்வாளர் தனது இருபத்தெட்டு வயதுக்கும் முப்பத்தாறு வயதுக்கும் இடையில் என்ன செய்தார் என்பதில் தங்கியிருக்கிறது. எதைப் படிப்பது, எந்த மொழியில் எழுதுவது, எந்தக் கேள்வியைக் கைவிடுவது என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகிறது. அந்த வருடங்களை நமது இளம் விரிவுரையாளர்கள் எதில் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால், நம்முடைய ஆய்வுலகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதும் விளங்கும்.

கெடு

விரிவுரையாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கை பதாகை கட்டும் நாளில் தொடங்குவதில்லை. சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பில் சித்தியடைந்தவர் அநேகமாகத் தற்காலிக உதவி விரிவுரையாளராகத்தான் உள்ளே வருகிறார். கொஞ்ச கால ஒப்பந்தம்; முடிந்ததும் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் நேர்முகம். நிரந்தர வெற்றிடம் எப்போது விளம்பரமாகும் என்று துறைத் தலைவருக்கும் தெரியாது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அரச துறையில் ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டபோது இந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. "வெற்றிடம் வரும், வரும் எண்டு சொல்லியே வயசு போயிட்டு சேர்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நிரந்தர நியமனம் கிடைத்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் தகுதிகாண் காலம் முதலில் மூன்று வருடம். பிறகு வருடம் வருடமாக நீடிக்கலாம். எல்லாம் சேர்த்து எட்டு வருடம். அதற்குள் ஆய்வை உள்ளடக்கிய பட்டப்பின் படிப்பொன்றை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வேலை கேள்விக்குறிதான்.

இந்தக் கெடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இருபத்தைந்து வயதில் எடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து வயது வரைக்கும் ஒருவர் படிப்பிக்கக் கூடாது. ஆனால் எட்டு வருடம் தருகிறோம் என்று சட்டம் சொல்லும்போது, அந்த எட்டு வருடமும் உண்மையில் அவருடைய கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இருப்பதில்லை. துறையில் ஆகவும் இளையவர் யாரோ அவரிடமே எல்லாம் வந்து சேரும். நேர அட்டவணை, பரீட்சை ஒருங்கிணைப்பு, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட வேண்டிய பைல்கள், ஆய்வரங்கின் அழைப்பிதழும் பையும் சாப்பாடும், மாணவர் ஆலோசகர் வேலை, பீடத்தின் விழாவில் நிகழ்ச்சித் தொகுப்பு. இவற்றோடு கிழமை நாட்களில் விரிவுரை; வார இறுதியில் வெளிவாரி மாணவர்களுக்கு வகுப்பு; பரீட்சை முடிந்தால் கட்டுக்கட்டாக விடைத்தாள். "டைம்டேபிளும் நான்தான், எக்ஸாமும் நான்தான். தீசிஸ் மட்டும்தான் ஆரும் என்னட்டக் கேக்கிறதில்ல" என்ற பேச்சை எத்தனையோ பேரிடம் எத்தனையோ வடிவத்தில் கேட்டிருக்கிறேன். மறுத்துப் பேசவும் முடியாது. உறுதிப்படுத்தலுக்கு அறிக்கை எழுதப் போகிறவர்களும் வேலையைத் தருகிறவர்களும் ஒரே ஆட்களாக இருக்கும்போது 'இல்லை' என்ற சொல்லுக்கு விலை அதிகம்.

வெளிநாடு போய்ப் படிக்கலாம். அதற்குச் சம்பளத்துடன் கற்கை விடுமுறை உண்டு. அதற்கு ஈடாகப் பிணை முறியில் கையொப்பமிட வேண்டும். பிணையாளிகளும் தேட வேண்டும். அந்தப் பிணையாளி அநேகமாகச் சக விரிவுரையாளர், இல்லையென்றால் சாச்சாவோ மாமாவோ. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா மட்டில் இருந்தது. அதே வருட நடுப்பகுதியில் 360 ரூபா. ரூபாயில் சம்பளம் எடுத்து வேறு நாணயத்தில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சிலர் பாதியில் திரும்பினார்கள். சிலர் திரும்பாமலே விட்டார்கள். திரும்பாதவர்களின் பாடங்களை இங்கே இருக்கும் இளையவர்கள் பங்கு போட்டு எடுத்தார்கள். அவர்களுடைய எட்டு வருடத்தில் இன்னும் கொஞ்சம் அங்கே போனது.

புள்ளி

கெடு ஒரு பக்கம் நெருக்க, மறு பக்கம் பதவியுயர்வுப் புள்ளி இழுக்கிறது. சிரேஷ்ட விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற ஒவ்வொரு படிக்கும் ஆய்வு வெளியீட்டுக்குப் புள்ளி வழங்கும் முறை உண்டு. தமிழில் எழுதினால் புள்ளியே இல்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. உண்டு. ஆனால் சர்வதேசத் தரவுத்தளங்களில் சுட்டியிடப்பட்ட ஆங்கில ஆய்விதழ்களின் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத் தரவரிசைகளும் அந்தப் பக்கமே பார்க்கின்றன. இயற்பியலுக்கும் பொறியியலுக்கும் இது பொருந்தலாம். கிழக்கு மாகாண முஸ்லிம்களின் குடிமுறையைப் பற்றியோ, அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியோ ஆராய்பவருக்கு இது எப்படிப் பொருந்தும்? அவருடைய சான்றுகள் தமிழில் இருக்கின்றன. அவருடைய பிழையைக் கண்டுபிடிக்கக் கூடிய வாசகர் தமிழில் இருக்கிறார். தவறாக எழுதினால் கேள்வி கேட்கக் கூடியவர்கள் வாசிக்காத இடத்தில் போய் எழுதும்படி நாம் அவரைத் தூண்டுகிறோம்.

விளைவு என்னவென்று ஆய்வரங்குக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். தலைப்பைப் பார்த்தவுடனே கட்டுரை தெரிந்துவிடும். ஏதோ ஒரு பிரச்சினை. பிறகு 'ஒரு பிரதேசத்தை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு'. நூறு வினாக்கொத்து. அவை எப்படிப் பகிரப்பட்டன என்பதற்கு ஒரு வரி. ஏன் அந்த நூறு பேர் என்பதற்கு அந்த ஒரு வரியும் இல்லை. அட்டவணை, வட்ட வரைபு. முடிவில் 'பெற்றோர் விழிப்புணர்வு பெற வேண்டும்', 'அரசு கவனம் செலுத்த வேண்டும்'. இந்த முடிவைக் கண்டுபிடிக்க நூறு பேரைத் தொந்தரவு செய்திருக்கத் தேவையில்லை; தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் இருந்திருந்தால் போதும்.

இப்படி எழுதுகிறவர்களை நான் சோம்பேறிகள் என்று சொல்லமாட்டேன். அவர்களில் பலர் கெட்டிக்காரர்கள். இளமாணி ஆய்வேட்டில் இதைவிட நல்ல கேள்வியைக் கேட்டவர்கள். வினாக்கொத்துக் கட்டுரையை மூன்று மாதத்தில் முடிக்கலாம். ஒரு பள்ளிவாசலின் பழைய விவாகப் பதிவேடுகளை எடுத்து, எழுத்தைப் படிக்கப் பழகி, குடிப் பெயர்களை அடையாளம் கண்டு, சீதனமாக எழுதப்பட்ட காணியும் வீடும் யார் யாருக்குப் போயின என்று தொகுக்க மூன்று வருடம் வேண்டும். அந்த மூன்று வருடத்தின் முடிவில் வருவதும் ஒரே ஒரு கட்டுரையாக இருக்கலாம். புள்ளிக் கணக்கில் இரண்டும் 'ஒன்று'. கெடு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் எதைத் தெரிவு செய்வார்? காசு கொடுத்தால் இரண்டு கிழமையில் பிரசுரிக்கும் போலி ஆய்விதழ்களும் இந்த அவசரத்தை நம்பித்தான் கடை விரித்திருக்கின்றன.

முன்னே சென்றவர்கள்

இந்த இடத்தில் ம. மு. உவைஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற பொருளை அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு எடுத்தபோது அவர் ஓர் இளைஞர். அந்த ஆய்வு 1953 இல் ஆங்கில நூலாக வந்தது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒரு தனித்துறையைப் பேசவும் படிக்கவும் அது வழி திறந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அத்துறையின் பேராசிரியராக இருந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தமிழில் எழுதினார். ஒரு முதுமாணி ஆய்வேட்டில் தொடங்கிய வேலை அது. அதற்கான பேராசிரியர் இருக்கை மதுரையில் கிடைத்தது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

கைலாசபதியும் அப்படித்தான். தினகரன் ஆசிரியராக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆங்கிலத்தில் ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அதே காலத்தில் தமிழில் நாவலைப் பற்றியும் திறனாய்வைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் வெளியே பேச. தமிழ் உள்ளே வாதாட. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி அவரை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. அவர் மீது கடும் விமர்சனம் வைத்தவர்களும் தமிழில்தான் வைத்தார்கள். அப்படித்தான் ஒரு திறனாய்வு மரபு உருவாகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முஸ்லிம்களின் தொகை எவ்வளவு சிறியது என்பது நமக்குத் தெரியும். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுழைந்த சிலருக்கு ஒரு பெரிய கேள்வியோடு நீண்ட காலம் இருக்க இடம் கிடைத்தது என்பதையே சொல்கிறேன். இன்றைக்கு நுழைபவர்கள் கூட. இருக்க இடம் குறைவு.

ஒலுவில்

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிறப்பு நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக அது தொடங்கியது. அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. இடம்பெயர்ந்தவர்களுக்காக அவசரமாகக் கட்டிய ஒரு கூரை, பிறகு ஒரு சமூகத்தின் முழு எதிர்பார்ப்பையும் தாங்க வேண்டி வந்தது.

இப்படித் தொடங்கும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பொதுப் பிரச்சினை உண்டு. பேராதனையிலோ கொழும்பிலோ ஓர் இளையவர் சேரும்போது அவருடைய வரைவை வாசித்து, 'இது சரிவராது, திரும்ப எழுது' என்று சொல்லக் கூடிய மூத்த தலைமுறை ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது. புதிய பல்கலைக்கழகங்களில் அந்தத் தலைமுறையையும் இளையவர்களே உருவாக்க வேண்டியிருக்கிறது. தானே கலாநிதிப் பட்டம் முடிக்காதவர் துறையையும் நடத்துவார், ஆய்வையும் வழிகாட்டுவார். வழிகாட்டுபவருக்கு வழிகாட்ட ஆள் இல்லை. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே சுற்றறிக்கை. ஆனால் எல்லா இடத்திலும் எட்டு வருடம் ஒரே நீளமல்ல.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. ஊரில் கள ஆய்வுக்குப் போனால் முன்பு தேத்தண்ணி தந்து கதை சொன்னவர்கள், "இதெல்லாம் என்னத்துக்குக் கேக்கிற மவன்?" என்று தயங்கினார்கள். அறபு எழுத்து இருப்பதற்காகவே பழைய நூல்களையும் தாள்களையும் பயத்தில் அப்புறப்படுத்திய வீடுகள் உண்டு. சமயம், அடையாளம், இயக்கங்கள் பற்றி ஆராய நினைத்த இளையவர்கள் பாதுகாப்பான தலைப்புகளுக்கு நகர்ந்தார்கள். உறுதிப்படுத்தப்படாத நியமனத்தோடு இருப்பவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது இலகு. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் யார் நிற்போம் என்பதை நாம் சொல்லவில்லை.

அவளுடைய எட்டு வருடம்

இதுவரை 'அவர்' என்று எழுதி வந்தேன். கலைப் பீடங்களின் விரிவுரை மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் பெண் பிள்ளைகள்தான். முதல் வகுப்பில் சித்தியடைவோரிலும் அவர்கள் நிறைய. ஆகவே தகுதிகாண் விரிவுரையாளர் என்றால் இனி நம் மனதில் வர வேண்டியது ஓர் இளம் பெண்ணின் முகமும்தான்.

அவளுடைய எட்டு வருடம், கலியாணமும் பிள்ளைப்பேறும் வரும் அதே எட்டு வருடம். முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் தாய்மை விடுமுறை அரச துறையில் உண்டு. ஆனால் பிள்ளை வளர 84 நாள் போதாது, ஆய்வு மூன்று நாள் விடுபட்டாலே நூல் அறுந்துவிடும். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "ஆர் கூடப் போற?" என்பது. அதே புலமைப்பரிசில் ஆணுக்குக் கிடைத்தால் அந்த வீடு கந்தூரி கொடுக்கும். கணவன் விடுமுறை எடுத்துக்கொண்டு மனைவியின் படிப்புக்காகக் கூடப் போன குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களைப் பற்றி ஜும்ஆ மேடையில் ஒருவரும் பேசக் கேட்டதில்லை. கணவர் வெளியூரில் படித்த காலத்தில் வீட்டைத் தாங்கிய பெண்ணைத் தியாகி என்கிறோம். மனைவி படித்த காலத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிய ஆணை என்னவென்று சொல்கிறோம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த விடயத்தில் மானியங்கள் ஆணைக்குழுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது நம்முடைய சுற்றறிக்கை.

நம் பங்கு

சமூகத்தின் பக்கத்தையும் விமர்சிக்காமல் இக்கட்டுரை முழுமையாகாது. இளம் விரிவுரையாளரை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? பரிசளிப்பு விழாவில் விசேட அதிதி. நூல் வெளியீட்டில் நயவுரை. நூல் முதல் நாள் இரவுதான் கைக்கு வரும். பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க, அரசியல்வாதிக்கு அறிக்கை தயாரிக்க, யாரோ ஒருவரின் மகளுடைய ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்க. மறுத்தால் 'பெரிய லெக்சரர் ஆகிட்டாராம்' என்ற பட்டம். அவருடைய பெயருக்கு முன்னால் உள்ள பட்டம் நமக்குத் தேவை. அவருடைய ஆய்வு என்ன என்று கேட்டால் விழா ஏற்பாட்டாளர்களில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

செய்யக் கூடியவை உண்டு. அவை பெரிய புரட்சிகளும் அல்ல. பட்டப்பின் படிப்பு முடியும்வரை ஓர் இளையவரிடம் இத்தனை நிர்வாக வேலைக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு துறைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படும் ஆய்வுக்கு, அதற்குத் தகுதியான மதிப்பீட்டாளர்களைக் கொண்டு, உரிய புள்ளி வழங்கும்படி பீடங்களும் மூதவைகளும் வாதாடலாம். ஏ. எம். ஏ. அஸீஸ் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியபோது, வசதியில்லாத மாணவரைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோவதே அன்றைய தேவை. இன்றைக்கு வாசலைத் தாண்டியவர் உள்ளே நிலைத்து நின்று ஆராய உதவும் ஒரு நிதி வேண்டும். கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் இரண்டு மாதம் தங்க, ஒரு பழைய கிதாபைப் படம் பிடிக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க. கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் கொடுக்கும் கைகள் நம்மிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கொடுக்கப் பழக வேண்டும்.

இதுபோன்ற சஞ்சிகைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. தமிழில் எழுதியதை மதியுங்கள் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்பதற்கு முன்னர், நாம் பிரசுரிப்பது மதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். தெரிந்தவர் அனுப்பினார், பெயருக்கு முன்னால் கலாநிதி இருக்கிறது என்பதற்காகப் போடுவதை விட வேண்டும். இளையவர் ஒருவர் அனுப்பும் கட்டுரையை அத்துறை தெரிந்த இரண்டு பேர் வாசித்து, எங்கே சான்று போதாது, எங்கே முடிவு அவசரப்பட்டது என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினால், பல்கலைக்கழகத்துக்குள் அவருக்குக் கிடைக்காத மூத்த தலைமுறையில் ஒரு பகுதியை நாம் கொடுத்தவர்களாவோம். கட்டுரை ஒரு வருடம் பிந்தட்டும். அந்த விவாகப் பதிவேடுகளைக் கறையான் தின்ன முதல் யாராவது திறந்து வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.